வாய், பொடி, குழாய், நரம்பு: கீமோ எடுக்கும் பதின்பருவப் பிள்ளைக்கு எந்த வழியில் உணவு?

எலும்பில் வரும் ஆஸ்டியோசர்கோமா என்னும் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் 17 வயதுப் பையன் ஒருவனின் எடை, கீமோவின் இரண்டாவது சுற்று முடிவதற்குள் 57 கிலோவிலிருந்து 52 கிலோவுக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை இன்னும் பல மாதங்கள் இருக்கிறது. நடுவில் அறுவை சிகிச்சையும் உண்டு. “நன்றாகச் சாப்பிட வையுங்கள்” என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். அம்மா வீட்டுச் சாப்பாடே போதும் என்கிறார், அப்பா மருந்துக்கடையில் இருந்து விலை உயர்ந்த சத்துப் பொடி வாங்கி வருகிறார், ஊரிலிருந்து வந்த பெரியப்பா “ரெண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வந்துரும்” என்கிறார், மருத்துவமனையின் உணவு ஆலோசகர் மூக்கு வழியாகக் குழாய் போடுவது பற்றி மெதுவாகப் பேச்செடுக்கிறார். பையனை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த வழிகளில் எதை, எப்போது, எந்தக் கணக்கின் பேரில் தேர்ந்தெடுப்பது என்பதை, என் அக்கா மகனின் சிகிச்சைக் காலத்தில் மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை எடுத்து, ஒரே ஒரு மின்அடுப்பில் சமைத்துப் பல மாதங்கள் கழித்தவன் என்ற முறையில் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் தேவை எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 16 முதல் 18 வயது வரையிலான நலமான ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,320 கலோரியும் 55 கிராம் புரதமும், அதே வயதுப் பெண்ணுக்குச் சுமார் 2,500 கலோரியும் 46 கிராம் புரதமும் தேவை. வாழ்நாளில் மனித உடல் அதிகம் கேட்கும் வயது இதுதான். எலும்பு நீள்வதும் தசை திரள்வதும் பூப்பின் மாற்றங்கள் முடிவதும் இந்த ஆண்டுகளில்தான். படுக்கையில் இருப்பவனுக்கு ஓடியாடும் செலவு குறையும் என்றாலும், மருந்தின் சேதத்தைச் சரிசெய்யவும் அறுவைக் காயம் ஆறவும் புரதத் தேவை ஏறுகிறது. பெரியவர்களுக்கான ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் புற்றுநோயாளிக்கு எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கின்றன. நம் பையனுக்கு உணவு ஆலோசகர் 2,200 கலோரியும் 75 கிராம் புரதமும் இலக்காக வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொருவருக்கும் இந்த எண் வேறுபடும்; ஆனால் எண் ஒன்று கையில் இல்லாமல் வழிகளை ஒப்பிட முடியாது.

இந்த வயதினருக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. பதின்பருவத்தினர் பெரும்பாலும் குழந்தைகள் பிரிவிலோ பெரியவர்கள் பிரிவிலோதான் சேர்க்கப்படுகிறார்கள். குழந்தைகளுக்கான உணவுப் பட்டியல் ஆறு வயதுப் பிள்ளையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பெரியவர்களுக்கான பட்டியல் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் உள்ள ஐம்பது வயதுக்காரரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. எண்ணெயைக் குறை, நெய்யைத் தவிர் என்று இரண்டாவது பட்டியலில் இருப்பதை அப்படியே பின்பற்றி, எடை இறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எண்ணெயில்லாத தோசை வார்த்துக் கொடுத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். நாங்களும் முதல் மாதம் அதைத்தான் செய்தோம்.

முதல் வழி வீட்டு உணவு. இதில் பெற்றோரை ஏமாற்றுவது “சாப்பிடத்தான் செய்கிறான்” என்ற எண்ணம். காலையில் இரண்டு இட்லி, ஒரு டம்ளர் பால், மதியம் ஒரு கைப்பிடித் தயிர்சாதம், மாலையில் ஓர் இளநீர், இரவில் ஒரு தோசை. பார்ப்பதற்கு ஐந்து வேளை. கூட்டிப் பார்த்தால் இட்லி 130, பால் 175, தயிர்சாதம் 250, இளநீர் 50, தோசை 150 என்று மொத்தம் 755 கலோரி. புரதம் இருபது கிராம் அளவு. இலக்கில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. இப்படி மூன்று வாரம் ஓடினால் எடை இறங்குவதற்கு நோயைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதே உணவைச் செறிவாக்க முடியும் என்பதுதான் வீட்டு வழியின் பலம். ஒரு டம்ளர் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். 20 கிராம் கேழ்வரகு மாவு, 20 கிராம் பொட்டுக்கடலை மாவு, அரைத்த முந்திரி 10 கிராம், கொழுப்பெடுக்காத பால் 200 மில்லி, நாட்டுச்சர்க்கரை 15 கிராம் சேர்த்துக் காய்ச்சினால் சுமார் 430 கலோரியும் 14 கிராம் புரதமும் கிடைக்கும். வெறும் அரிசிக் கஞ்சியில் அதே டம்ளரில் 100 கலோரி தேறினால் அதிகம். மேலே சொன்ன நாளில் பாலையும் இளநீரையும் எடுத்துவிட்டு இந்தக் கஞ்சியை இரண்டு வேளை கொடுத்து, இட்லிப்பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி, முழுதாக வெந்த முட்டை இரண்டு சேர்த்தால் மொத்தம் 1,670 கலோரியும் 54 கிராம் புரதமும் ஆகிவிடும். சாப்பிடும் அளவு பெரிதாகக் கூடவில்லை. இலக்கில் நான்கில் மூன்று பங்கு வந்துவிட்டது. தயிர்சாதத்தில் இரண்டு கரண்டி பால்பவுடரைக் கலந்தால் இன்னும் 5 கிராம் புரதம், அவனுக்குத் தெரியவே தெரியாது.

வீட்டு வழி தோற்கும் இடங்கள் மூன்று. ஒன்று, ருசியும் வாசனையும். சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளுக்குப் பிறகு நாக்கில் இரும்பு ருசி தங்கிவிடுகிறது. தாளிப்பு வாசம் வந்தாலே குமட்டுகிறது. எவர்சில்வர் கரண்டிக்குப் பதிலாக மரக்கரண்டி, சூடான சாதத்துக்குப் பதிலாக ஆறிய தயிர்சாதம், அவன் படுத்திருக்கும் அறையிலிருந்து தள்ளி வைத்த அடுப்பு ஆகியவை ஓரளவு உதவும். எங்கள் அறையில் அடுப்பைத் தள்ளி வைக்க இடமே இல்லாததால், அவன் மருத்துவமனைக்குப் போயிருக்கும் நேரத்தில் தாளித்து முடித்துவிடுவோம். இரண்டாவது, வாய்ப்புண். கீமோ முடிந்து ஒரு வாரம் பத்து நாட்களில் வாயும் தொண்டையும் வெந்துபோய் எச்சில் விழுங்கவே அழும் நிலை வந்தால், செறிவான கஞ்சியும் வெறுங்கஞ்சியும் ஒன்றுதான். மூன்றாவது, அம்மாவின் உடலும் மனமும். ஒவ்வொரு வேளையும் ஒரு போராட்டமாகி, தட்டைத் தள்ளிவிடும் பிள்ளையும் அழும் தாயுமாக ஒரு வீடு மாறிவிட்டால், அங்கே பசி முற்றிலும் செத்துவிடும். இந்த மூன்றாவது காரணத்தை மருத்துவக் குறிப்பேட்டில் யாரும் எழுதுவதில்லை, ஆனால் குழாய்க்கு நாங்கள் சம்மதித்ததில் அதற்கும் பெரிய பங்கு உண்டு.

இரண்டாவது வழியான சத்துப் பொடியில் மூன்று வகைகளைக் குழப்பிக்கொள்கிறார்கள். மளிகைக்கடையில் கிடைக்கும் மால்ட் பானப் பொடி பெரும்பாலும் தானியமும் சர்க்கரையும்தான். பாலோடு கலந்தால் ருசிக்கு உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் வாங்கும், பாலிலிருந்து பிரித்தெடுத்த ‘வே’ (whey) புரதப் பொடியில் புரதம் உண்டு, ஆனால் அது முழு உணவு அல்ல. மருத்துவமனைகளில் எழுதித் தரும் முழுச்சத்துப் பொடியில்தான் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின், தாதுக்கள் ஆகிய எல்லாம் கணக்காகச் சேர்ந்திருக்கும். சரியாகக் கலந்தால் பொதுவாக 1 மில்லிக்கு 1 கலோரி வரும், கரைத்து அடைத்து விற்கும் சில பானங்களில் 1.5 கலோரி வரை இருக்கும். டப்பாவின் பின்புறம் உள்ள அட்டவணையைப் படித்தால் இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

பொடியின் நன்மை, அளவு தெரிந்த 200 மில்லியைக் குளிரவைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடித்துவிடலாம் என்பது. குறை, விலையும் சலிப்பும். 400 கிராம் டப்பா ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 1,800 கலோரிதான். அதாவது பொடியை மட்டுமே உணவாக நம்பினால் ஒரு டப்பா ஒரு நாளைக்குக்கூட முழுதாக வராது. ஆகவே நாளொன்றுக்கு 400 கலோரி அளவுக்கு இட்டு நிரப்பும் பொருளாகப் பார்த்தால் மட்டுமே நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். என் தீர்ப்பு இதுதான்: செறிவாக்கிய கஞ்சி செல்லும் வரை பொடிக்குப் பணம் செலவழிக்க அவசரப்பட வேண்டாம், கஞ்சி சலித்துவிட்டாலோ, சமைக்க ஆளில்லாத நாட்களிலோ, மருத்துவமனையில் காத்திருக்கும் நீண்ட பகல்களிலோ பொடிக்கு ஈடில்லை. மருந்துக்கடைக்காரர் எடுத்துத் தரும் டப்பா நல்லதா என்பதை உணவு ஆலோசகரிடம் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. எங்களுக்கு ஒரு கடையில் சர்க்கரை நோயாளிகளுக்கான பொடியைக் கொடுத்துவிட்டார்கள், பதினைந்து நாள் அதையே குடித்தான்.

மூன்றாவது வழியான குழாய்க்கு வரும்போது குரல்கள் உயர்ந்துவிடுகின்றன. நம் ஊரில் மூக்கு வழியாக வயிற்றுக்கு இறக்கும் ரைல்ஸ் ட்யூப் என்றாலே கடைசிக் கட்டம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. மூக்கில் குழாயோடு இருந்த தாத்தாவை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து எழுந்து நடக்கப்போகும் பையனுக்குப் போடும் குழாய் அந்தக் குழாய் அல்ல. வாயும் தொண்டையும் வேலை செய்யாத சில வாரங்களைத் தாண்டிப்போக அது ஒரு சுற்றுவழி. வயிறும் குடலும் வேலை செய்யும் வரை அவற்றின் வழியாகவே உணவு போக வேண்டும் என்பதில் எல்லா வழிகாட்டுதல்களும் ஒத்துப்போகின்றன. எப்போது போடுவது என்பதற்கும் ஐரோப்பிய வழிகாட்டுதல் கைப்பிடியாக ஓர் அளவு தருகிறது: ஒரு வாரத்துக்கு மேல் எதுவும் சாப்பிட முடியாமல் போனாலோ, தேவையில் 60 சதவீதத்துக்கும் குறைவாகவே ஒன்றிரண்டு வாரங்கள் உள்ளே போனாலோ, அதை உணவுக் குறைபாடாகக் கொள்ள வேண்டும். நம் பையனின் கணக்கில் அது 1,320 கலோரி. அன்றாடம் சாப்பிட்டதைக் கணக்கிட்டு எழுதும் நோட்டுப்புத்தகத்தில் பத்து நாட்களாக அதற்குக் கீழேயே எழுதிக்கொண்டிருந்தால், இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடுவதில் பொருளில்லை. வாய்ப்புண் முற்றி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறைந்த நாளில் குழாயை நுழைப்பது வலியும் இரத்தக்கசிவு ஆபத்தும் கூடிய வேலை. அதற்கு முன்பே பேசி முடிவெடுத்துவிட்டால் எளிது.

குழாயிலும் இரண்டு தேர்வுகள் உண்டு. மூக்கு வழிக் குழாய்க்கு மயக்க மருந்து தேவையில்லை, சில நிமிடங்களில் போட்டுவிடலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம். வாந்தியோடு வெளியே வந்துவிடுவதும், மூக்கும் தொண்டையும் உறுத்துவதும், எல்லாவற்றுக்கும் மேலாக முகத்தில் தெரிவதும் அதன் குறைகள். முடி கொட்டியதைத் தொப்பியால் மறைக்கலாம். கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய குழாயை மறைக்க வழியில்லை. பிளஸ் டூ நண்பர்கள் வீடியோவில் கூப்பிட்டால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசும் பையனுக்கு இது சின்ன விஷயமல்ல. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு மேல் தேவைப்படும் என்று தெரிந்தால், எண்டோஸ்கோப்பி மூலம் வயிற்றில் நேரடியாகப் போடும் பெக் குழாய் பேச்சுக்கு வரும். சட்டைக்குள் மறைந்துவிடும், பள்ளிக்கும் போகலாம். ஆனால் அதற்கு மயக்க மருந்து வேண்டும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் காலத்தில் துளையைச் சுற்றிக் கிருமித்தொற்று வரலாம், ஆகவே கீமோ சுற்றுகளுக்கு இடையே நாள் பார்த்துத்தான் செய்வார்கள். பொதுவாகக் குட்டையான தேவைக்கு மூக்கு, நெடிய தேவைக்கு வயிறு என்றாலும், இந்த வயதில் பையனின் விருப்பத்துக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன்.

குழாய் வழியே என்ன ஊற்றுவது என்பது அடுத்த கேள்வி. வீட்டுக் கஞ்சியையே மிக்ஸியில் அடித்து வடிகட்டி ஊற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மெல்லிய குழாயில் இறங்கும் அளவுக்கு நீர்க்க விட்டால் கலோரி பாதியாகிவிடும். நீர்க்க விடாவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். அடித்து வைத்தது சென்னை வெயிலில் சீக்கிரம் கெட்டும் போகும். ஆகவே வாய்வழி உணவில் வீட்டுச் சமையல் பக்கம் நிற்கும் நான், குழாய்வழி உணவில் முழுச்சத்துப் பொடியின் பக்கம் நிற்கிறேன். செலவு ஏறத்தான் செய்யும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்டால் உதவி செய்யும் அறக்கட்டளைகள் பற்றிச் சொல்வார்கள், கேட்பதில் கூச்சப்படக் கூடாது. இரவு முழுவதும் பம்ப் மூலம் மணிக்கு 100 மில்லி வீதம் பத்து மணி நேரம் இறங்கினால், 1,000 கலோரி தூக்கத்திலேயே போய்விடும், பகலில் அவனுக்குப் பிடித்ததை மட்டும் வாயால் சாப்பிடலாம். பம்ப் இல்லாத வீடுகளில் சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்து, வேளைக்கு 200 முதல் 250 மில்லி வரை மெதுவாக இறக்குவார்கள். எந்த முறையானாலும் குழாய் தன் இடத்தில் இருக்கிறதா என்று செவிலியர் சொல்லித்தந்தபடி ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்வதும், தலையை உயர்த்தி வைப்பதும், முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் தவறக் கூடாது.

நான்காவது வழியில் பெரியப்பா சொன்ன குளுக்கோஸை முதலில் ஒதுக்கிவிடலாம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறத்தாழ 85 கலோரி. ஒன்றரை இட்லி கூட ஆகாது. நீர்ச்சத்துக்கு அது உதவும், உணவு அல்ல. நரம்பு, அதாவது இரத்தக்குழாய், வழியாக முழு உணவையும் செலுத்தும் முறை வேறு. புரதக்கூறுகள், கொழுப்பு, சர்க்கரை, உப்புகள் கலந்த பையைக் கழுத்து அல்லது மார்பு வழியாகப் பெரிய நரம்பில் போட்ட குழாய் மூலம் ஏற்றுவது அது. குடல் அடைப்பு, வெள்ளணுக்கள் இல்லாத நேரத்தில் குடலில் கடும் அழற்சி, எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்குப் பின் குடலைத் தாக்கும் எதிர்வினை, எதற்கும் நிற்காத வாந்தி போன்ற நிலைகளில் அது உயிர் காக்கும். குடல் வேலை செய்யும்போது, குழாய்க்குப் பயந்து இதைக் கேட்பது சரியான பேரம் அல்ல: இரத்தத்தில் நேரடித் தொற்று, கல்லீரல் பாதிப்பு, சர்க்கரை ஏற்ற இறக்கம், அடிக்கடி இரத்தப் பரிசோதனை, பெரிய செலவு ஆகியவை கூடவே வரும். குழாயோ நரம்போ, பத்து நாட்கள் பட்டினியாகக் கிடந்தவனுக்கு முதல் நாளே முழு அளவைக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சடாரென்று இறங்கி இதயம் பாதிக்கப்படலாம். அதனால்தான் மருத்துவமனையில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள், “இவ்வளவுதானா?” என்று அவசரப்படுத்தக் கூடாது.

இரத்தப் புற்றுநோயில், குறிப்பாக அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில், இந்த ஒப்பீடு தலைகீழாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். டெக்ஸாமெதாசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு ஓடும் வாரங்களில் பிள்ளை நடுராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பரோட்டா கேட்கும். எடை ஏறும், முகம் உப்பும், இரத்தச் சர்க்கரை ஏறலாம். உள்ளே தசை கரைந்துகொண்டிருக்கும். இங்கே நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் சேர்த்த கஞ்சி உதவாது. முட்டை, சுண்டல், மீன், தயிர், காய்கறி என்று புரதத்தை முன்வைத்து, உப்பையும் இனிப்புப் பானங்களையும் குறைக்க வேண்டும். அஸ்பராஜினேஸ் ஊசியின்போது கணையம் பாதிக்கப்பட்டால் கொழுப்பையும் குறைக்கச் சொல்வார்கள். எடைக் கருவி மட்டும் பொய் சொல்லும் என்பதால், மேல்கையின் நடுச் சுற்றளவைத் தையல் டேப்பால் வாரம் ஒரு முறை அளந்து எழுதுவது நல்ல பழக்கம்.

எந்த வழியானாலும் வந்து நிற்கும் இன்னொரு விவாதம் கிருமி பயம். பச்சைக் காய், பழம் எதுவும் கூடாது என்ற கடுமையான பத்தியத்தையும், கழுவிச் சமைக்கும் சாதாரணச் சுத்தத்தையும் 150 குழந்தைகளிடம் ஒப்பிட்டு 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தொற்று விகிதம் 35 சதவீதம், 33 சதவீதம் என்று ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே ஆஃப்பாயில், சாலையோர ஐஸ், காலையில் அரைத்து வெளியே வைத்த சட்னி, முளைகட்டிய பயறு ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, தோலுரித்த வாழைப்பழத்துக்கும் ஆரஞ்சுக்கும் பயப்படாமல் இருக்கலாம். மஜ்ஜை மாற்றம் செய்துகொண்டவர்கள் மட்டும் தங்கள் மருத்துவமனையின் விதியைப் பின்பற்ற வேண்டும். வேறொன்றும் இறங்காத நாளில் கல்லிலிருந்து நேராக எடுத்த சூடான முட்டை பரோட்டாவைப் பையன் கேட்டால், நான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாவுச்சத்தை நிறுத்துவதும், முள்சீத்தா இலைக் கஷாயத்தை மருத்துவருக்குத் தெரியாமல் கொடுப்பதும் வேறு ரகம். மீத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து பெறும் பிள்ளைக்கு ஃபோலிக் அமிலம் கலந்த சத்து மாத்திரையைத் தானாக வாங்கிக் கொடுத்தால் மருந்தின் வேலையே கெடலாம்.

எல்லாக் கணக்கையும் போட்ட பிறகு மிச்சம் இருப்பது பையனின் வார்த்தை. 18 நிறைந்துவிட்டால் ஒப்புதல் கையெழுத்து அவனுடையது. 17-இல் சட்டப்படி பெற்றோருடையது, ஆனால் குழாயை இரவில் பிடுங்கிப்போட அவன் கை போதும். எங்கள் வீட்டில் ஆலோசகர் நோட்டுப்புத்தகத்தை அக்கா மகனிடமே கொடுத்து, இலக்கில் 60 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நாள் வந்தால் குழாய்க்குச் சம்மதிப்பாய் என்று கேட்டார். “ஏழு நாள்” என்றான். ஆறாம் நாள் மதியம் தானாகவே சொன்னான், ஒரு நிபந்தனையோடு: இரவில் மட்டும் பால் இறங்க வேண்டும், பகலில் யாரும் “சாப்பிடு” என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. அந்த நிபந்தனையைக் காப்பாற்றுவதுதான் அக்காவுக்கு மிகக் கடினமாக இருந்தது.

குழாயை எடுப்பதற்கும் அதே நோட்டுதான். வாயால் போவது இலக்கில் பாதியைத் தொட்டதும் இரவு அளவை 1,000 மில்லியிலிருந்து 700 ஆகவும், பிறகு 400 ஆகவும் குறைத்தார்கள். குறைத்த சில நாட்களில் காலைப்பசி திரும்பியது. இரண்டு வாரம் எடை இறங்காமல் நின்ற பிறகு குழாய் வெளியே வந்தது. அன்று அவன் கேட்டது பொடியும் அல்ல, கஞ்சியும் அல்ல, இட்லிப்பொடி தடவி எண்ணெய் மினுக்கும் நான்கு இட்லி. இரண்டரைதான் சாப்பிட முடிந்தது; நோட்டில் இரண்டரை என்றே எழுதினான்.